பழைய அவுட்போர்ட் மோட்டாரில் கறண்ட் இல்லை: பொயின்றைத் துப்புரவாக்குவதா, புதுச் சாமான் போடுவதா, எலெக்ட்ரோனிக்குக்கு மாறுவதா?

ஏப்ரலில் கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள கவார்த்தா ஏரிகளில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரியத் தொடங்கும். அந்தக் கிழமைகளில்தான் எனக்கு இந்தத் தொலைபேசி வரும். "அண்ணை, பழைய ஜோன்சன் ஒன்று கராஜுக்குள்ள கிடக்கு. பார்க்க நல்லாத்தான் இருக்கு. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம். பிளக்கில கறண்ட் இல்லை. என்ன செய்யலாம்?"

ஜோன்சன் என்பது படகின் பின்பக்கத்தில் பூட்டும் அவுட்போர்ட் மோட்டார். கறண்ட் இல்லை என்றால், பெற்றோலைப் பற்றவைக்கிற பொறி பிளக்கில் வரவில்லை என்று அர்த்தம். செய்யக்கூடியது நாலைந்து இருக்கிறது. இருக்கிற பொயின்றை, அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகளை, துப்புரவாக்கிப் பார்க்கலாம். கொயில், பொயின்ற், கொண்டென்சர் எல்லாவற்றையும் புதிதாகப் போடலாம். இன்னொரு பழைய மோட்டாரிலிருந்து மேக்னெற்றோத் தட்டை (பற்றவைப்புச் சாமான் பூட்டியிருக்கும் தட்டு) முழுதாகக் கழற்றிப் பூட்டலாம். எலெக்ட்ரோனிக் பற்றவைப்புக்கு மாறலாம். அல்லது மோட்டாரைக் கைவிட்டுப் புதிது வாங்கலாம். எங்கள் வீட்டில் நிற்பது 1960-களின் 18 குதிரைவலு ஜோன்சன். அதற்கு நான் எடுத்த முடிவையும், அதே முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் இந்த மோட்டார்கள் ஏன் இன்னும் திருத்தத் தகுந்தவையாக இருக்கின்றன என்று தெரிய வேண்டும். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே எவின்றூட் 1909-இல் அவுட்போர்ட் மோட்டார்களை விற்கத் தொடங்கினார். ஜோன்சன் சகோதரர்கள் 1920-களில் போட்டியாக வந்தார்கள். 1930-களின் நடுவில் இரண்டு பெயர்களும் ஒரே கொம்பனியின் கீழ் வந்தன. அதுதான் பின்னாளில் அவுட்போர்ட் மரீன் கோப்பரேஷன் ஆனது. அதன் கனடியத் தொழிற்சாலை இங்கே பீற்றர்பரோவில் பல பத்தாண்டுகள் ஓடியது. ஒன்ராறியோவின் ஏரிக்கரை வீடுகளில், படகுக் கொட்டில்களில் இந்த மோட்டார்கள் இவ்வளவு மலிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தாய்க் கொம்பனி 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. பெயர்களை வாங்கிய பொம்பார்டியே வழிவந்த நிறுவனம் 2020-இல் எவின்றூட் உற்பத்தியையும் நிறுத்திவிட்டது.

ஆக, இந்த மோட்டாருக்கு இன்று பெற்றோர் இல்லை. ஆனாலும் பற்றவைப்புச் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. 1950-களின் தொடக்கத்திலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை, 3 குதிரைவலுவிலிருந்து 40 குதிரைவலு வரையான ஜோன்சன், எவின்றூட் மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மாதிரி மேக்னெற்றோவைத்தான் போட்டார்கள். யூனிவேர்சல் மேக்னெற்றோ என்று அதற்குப் பெயர். ஒரே கொயில், ஒரே பொயின்ற், ஒரே கொண்டென்சர் இலட்சக்கணக்கான மோட்டார்களுக்குப் பொருந்துவதால் வேறு கொம்பனிகள் இன்றும் அவற்றைச் செய்து விற்கின்றன. உங்கள் மோட்டார் இந்தக் குடும்பமா இல்லையா என்பதைப் பொறுத்தே கீழே சொல்லும் கணக்கு முழுக்க நிற்கிறது. சாமான் கிடைக்காத அரிய மோட்டார் என்றால் கணக்கே வேறு.

இந்த மேக்னெற்றோவுக்குப் பற்றறி வேண்டியதில்லை. மோட்டாரின் மேலே சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலின் உள்விளிம்பில் காந்தம் இருக்கிறது. கயிற்றை இழுக்கும்போது காந்தம் கொயிலைக் கடந்து போகிறது. கொயிலின் தடித்த சுற்றில் மின்னோட்டம் பிறக்கிறது. சரியான நேரத்தில் கிராங் தண்டிலுள்ள காம் எனும் மேடு பொயின்றைத் திறந்துவிடுகிறது. ஓட்டம் சட்டென்று அறுபடும்போது மெல்லிய சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ற் எழும்பிப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. பொயின்ற் திறக்கிற இடத்தில் தீப்பொறி பறந்து முனை கருகாமல் காப்பதும், ஓட்டம் சுத்தமாக அறுபட உதவுவதும் கொண்டென்சரின் வேலை. இரண்டு சிலிண்டர் மோட்டார் என்றால் கொயில், பொயின்ற், கொண்டென்சர் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு.

காசு செலவழிக்க முதல்

பருத்தித்துறையில் சித்தப்பா 18 அடி பைபர் போட்டில் மோட்டார் பூட்டித் தொழில் செய்தவர். கறண்ட் இல்லை என்று நான் சொன்ன அன்று தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ரெண்டு பக்கமும் இல்லையோ, ஒரு பக்கம் மட்டுமோ?" அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி வைத்தியம் இருக்கிறது.

ஒரு சிலிண்டரில் பொறி வந்து மற்றதில் வரவில்லை என்றால் பொதுவான காரணங்களை ஒதுக்கிவிடலாம். காந்தம் சரி, பிளைவீல் சரி. பழுது அந்தப் பக்கத்துக் கொயில், பொயின்ற், கொண்டென்சர், வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில். இரண்டு பக்கமும் ஒரே சாமான் என்பதால் ஒன்றைக் கழற்றி மற்றப் பக்கம் மாற்றிப் பார்க்கலாம். பழுது சாமானோடு சேர்ந்து பக்கம் மாறினால் கள்வன் அகப்பட்டான். மீற்றர் எதுவும் இல்லாத இடத்தில் சித்தப்பா இப்படித்தான் பழுது பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரேயடியாகச் செத்திருந்தால், நிறுத்தும் சுவிச்சுக்குப் போகிற வயர் எங்காவது உடம்பில் முட்டிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வயரைக் கழற்றிவிட்டு இழுத்தால் பொறி வருகிறதென்றால் மேக்னெற்றோவில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. பொறி வந்த கையோடு நிறுத்தும் வழியையும் திருத்திப் பூட்டிவிட வேண்டும். நிறுத்த முடியாத மோட்டாரைப் படகில் பூட்டக் கூடாது.

பொறியைப் பார்க்கிற முறையிலும் கவனம் வேண்டும். பிளக்கைக் கழற்றி மோட்டாரின் உடம்பில் வைத்து இழுத்து, ஏதோ மஞ்சளாக மின்னியது என்று திருப்திப்பட்டால் பிறகு ஏரி நடுவில் நிற்க நேரும். பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம்தான். திறந்த காற்றில் அதைத் தாண்டுகிற பொறி, சிலிண்டருக்குள் அமுக்கத்தின் கீழ் தாண்ட வேண்டும் என்றில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்பார்க் சோதனைக் கருவி வாங்குங்கள்; விலை சொற்பம். இந்த மேக்னெற்றோ கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர், காற்றிடைவெளியை நீலநிறத்தில் "டக்" என்ற சத்தத்தோடு தாண்ட வேண்டும். சோதிக்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் தேவையான வேகத்தில் பிளைவீல் சுற்றும். பிளக் துளைகளிலிருந்து பெற்றோல் ஆவி வரும் என்பதால் பொறி பறக்கிற இடத்தைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். கராஜ் கதவு திறந்திருக்கட்டும்.

பிளக் துளை திறந்திருக்கிற அதே நேரத்தில் அமுக்கத்தையும் அளந்துவிடுங்கள். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மற்றதன் பாதியில் நிற்கிறதென்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு விட்டுவிடலாம். பிஸ்ரன் வளையம் தேய்ந்த மோட்டாருக்குப் புதுக் கொயில் போடுவது வீண் செலவு.

இன்னும் இரண்டு அறிகுறிகள். குளிரில் உடனே பிடித்து, இருபது நிமிஷம் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மறுபடி பிடிக்கும் மோட்டாரில் பெரும்பாலும் கொயில்தான் பழுது. சூட்டில் உள்ளே வயர் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது. அப்படியில்லாமல், திறொட்டிலைக் குறிப்பிட்ட ஓரிடத்துக்குத் திருப்பும்போது மட்டும் ஒரு சிலிண்டர் செத்துப்போகிறதென்றால் மேக்னெற்றோத் தட்டுக்குக் கீழே போகிற வயர்களைப் பாருங்கள். வேகம் கூட்டும்போது பொறியை முன்னுக்குக் கொண்டுவர அந்தத் தட்டு முழுவதும் திரும்புகிறது. அறுபது வருஷமாக ஒவ்வொரு திருப்பலிலும் அந்த வயர்கள் வளைந்து நிமிர்ந்து, தோல் உரிந்து, உடம்பில் முட்டும். கொயிலை மாற்றி, பொயின்றை மாற்றி, கடைசியில் இரண்டு அங்குலம் வயரில் பழுதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

துப்புரவாக்கிப் பார்ப்பது

செலவில்லாத வழி. பொயின்ற் முனைகளில் மெல்லிய ஒக்சைட் படலம் படிந்திருக்கும். ஈரமான கொட்டிலில் பல வருஷம் கிடந்த மோட்டாரில் இது நிச்சயம். பொயின்றுக்கென்று விற்கும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு அல்கஹோலில் நனைத்த வெள்ளைக் கடதாசியை நடுவில் செருகி இழுத்துக் கடதாசி கறுக்காமல் வரும்வரை துடைத்தால் போதும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அதன் மணல் முனையில் பதிந்து மறுபடி கருகும்.

வேலை நடக்கும், பல மோட்டார் இதிலேயே பிடித்தும் விடும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். பொயின்ற் இருப்பது பிளைவீலுக்குக் கீழே. பிளைவீலைக் கழற்றுவதுதான் முழு வேலையிலும் முக்கால்வாசி. அதற்கென்று இழுவைக் கருவி வேண்டும். பிளைவீலின் மையத்தில் உள்ள மூன்று துளைகளில் போல்ற் பூட்டி இழுக்கிற வகைதான் சரி. விளிம்பில் கொளுவி இழுக்கும் வகை பிளைவீலை வளைத்துவிடும். சுத்தியலால் ஓங்கி அடிப்பதும் வேண்டாம். கிராங் தண்டின் மரை சிதையும், காந்தமும் பலமிழக்கும்.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த பிறகு, அறுபது வருஷத்துக் கொயிலை அப்படியே விட்டு மூடுவது சரியா? அந்தக் காலத்துக் கொயிலின் உறை காலப்போக்கில் இறுகி வெடிக்கும். எங்கள் மோட்டாரில் இரண்டு கொயிலிலும் தலைமயிர் பருமனில் வெடிப்பு ஓடியிருந்தது. அறுபது கோடையையும் அறுபது பனிக்காலத்தையும் கண்ட பொருள் அது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெடிப்புக்குள் ஈரம் போனதும் உயர் வோல்ற் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் உடம்புக்கு இறங்கிவிடும். வெயில் நாளில் பொறி வரும், மழைக்கால ஈரத்தில் வராது. கொயிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை.

ஆகவே துப்புரவாக்குவதை நான் ஒரே ஒரு நிலைமையில்தான் போதுமென்று சொல்வேன்: முந்தின சொந்தக்காரர் ஏற்கெனவே புதுக் கொயில் போட்டிருந்து, பொயின்ற் மட்டும் கறுத்திருந்தால். அப்படியான மோட்டார்கள் நிறைய உண்டு. திறந்து பார்த்தால் கொயில் புதுமினுக்கோடு இருக்கும். பிறகு காசு செலவழிக்கத் தேவையில்லை.

புதுச் சாமான் போடுவது

நான் தேர்ந்தது இது. இரண்டு கொயில், இரண்டு சோடிப் பொயின்ற், இரண்டு கொண்டென்சர், இரண்டு பிளக் வயர். எல்லாம் சேர்த்தாலும் புது மோட்டார் விலையில் ஒரு சிறு துளிதான். ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் புதுச் சாமான் போட்டும் மோட்டார் பிடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம், அதனால் எங்கே பிழைக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கொயிலின் இருப்பு. கொயிலின் இரும்புத் தகட்டு நுனிக்கும் சுற்றுகிற காந்தத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடினால் பொறி மெலியும். குறைந்தால் பிளைவீல் உரசிக் கொயிலைத் தின்றுவிடும். இதற்கு அளவுகோல் தட்டிலேயே இருக்கிறது. கொயில் பூட்டுகிற மேடையின் வெளிவிளிம்பைத் தொழிற்சாலையில் கடைந்து விட்டிருப்பார்கள். கொயிலின் தகட்டு நுனி அந்த விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படக் கூடாது. இதற்கென்று ஒரு வளையக் கருவி உண்டு, நகம் அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, பிளக் வயர். கொயிலுக்குள் ஒரு கூரான ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். வயரை அதில் திருகி ஏற்ற வேண்டும். உள்ளே செப்புக் கம்பி ஓடுகிற 7 மில்லிமீற்றர் வயர்தான் சரி. இன்றைய கார் வயரில் உள்ளே கரிநார் இருக்கும். அதில் ஆணி சரியாகக் கடிக்காது. வயரைக் கொயிலில் ஏற்றிய பிறகு இலேசாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் மறுபடி.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர். காமின் உச்சியில் பொயின்றின் குதி நிற்கும்போது அளக்க வேண்டும். பிளைவீல் நட்டைத் தண்டில் மேலோட்டமாகப் பூட்டி, சாவியால் வலஞ்சுழியாகத் திருப்பினால் உச்சி தெரியும். இந்த மோட்டாரில் பற்றவைப்பு நேரத்தைத் தனியாகத் திருத்த வேறு வழி கிடையாது, இடைவெளிதான் நேரம். இடைவெளி கூடினால் பொயின்ற் முந்தித் திறக்கும், பொறி முந்தும்; குறைந்தால் பிந்தும். இரண்டு சிலிண்டருக்கும் வேறு வேறு இடைவெளி வைத்தால் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வெடித்து மெதுவோட்டத்தில் மோட்டார் நடுங்கும். அளக்கும் தகட்டில் எண்ணெய் இருக்கக் கூடாது. புதுப் பொயின்றின் முனையிலும் துருத்தடுப்பு எண்ணெய் பூசியே வரும். அதைத் துடைக்காமல் பூட்டியதால் பொறி இல்லாமல் போன புது மேக்னெற்றோக்களைப் பார்த்திருக்கிறேன். இடைவெளி வைத்து முடிந்ததும் அல்கஹோலில் நனைத்த கடதாசியை ஒருமுறை இழுத்து எடுங்கள்.

காமைக் கழற்றியிருந்தால் திருப்பிப் போடும்போது பக்கம் பாருங்கள். பல காம்களில் மேற்பக்கத்தை எழுத்தால் குறித்திருப்பார்கள். காமை உரசி நிற்கிற கம்பளித் திரியில் சொட்டு எண்ணெய் விடுங்கள், சொட்டுத்தான். கூடினால் அது தெறித்துப் பொயின்றுக்குப் போகும். திரி காய்ந்து கிடந்தால் பொயின்றின் குதி தேய்ந்து ஒரு கோடையிலேயே இடைவெளி சுருங்கிவிடும்.

பிளைவீலைத் திருப்பிப் பூட்டும்போது தண்டின் கூம்பும் பிளைவீலின் துளையும் எண்ணெயில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பிளைவீலைப் பிடித்திருப்பது உண்மையில் அந்தக் கூம்பின் இறுக்கம்தான். சின்னச் சாவித்துண்டு இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். நட்டு இளகி ஓடினால் சாவித்துண்டு அறுந்து, பொறி தப்பான நேரத்தில் பாயும். கயிறு கையைப் பறித்துத் திருப்பி இழுக்கிறதென்றால், கார்பரேற்றரில் வெடிக்கிறதென்றால், இதையும் நினையுங்கள். உங்கள் மாதிரிக்குரிய கைநூலில் இருக்கும் முறுக்கு அளவை முறுக்குச் சாவியால் வையுங்கள், கைக்கணக்கில் வேண்டாம்.

கொண்டென்சரைப் பற்றி ஒரு சொல். அது கொயில் அளவுக்கு அடிக்கடி சாவதில்லை. நல்ல பழைய கொண்டென்சரைக் கழற்றி எறியாமல் வையுங்கள்.

இன்னொரு மோட்டாரின் தட்டு

இருபது, முப்பது டாலருக்கு யாரோ உடைந்த மோட்டார் ஒன்றைத் தருவார்கள். அதன் மேக்னெற்றோத் தட்டைப் பூட்டினால் கொயில் சீர்பார்க்கும் வேலையில்லை என்று தோன்றும். அந்தக் கொயிலுக்கும் அதே அறுபது வயது. பொறி இன்றைக்கு வந்தாலும் ஒரு பழைய சந்தேகத்தைக் கழற்றி இன்னொரு பழைய சந்தேகத்தைப் பூட்டிய கதைதான். உடைந்த மோட்டார் வேறு வகையில் பொன்: காந்தம் நல்ல பிளைவீல், உடையாத தட்டு, சாவித்துண்டு, மூடி, இழுகயிற்று ஸ்பிரிங். இவை புதிதாகக் கிடைப்பது அரிது. இடமிருந்தால் வாங்கி வையுங்கள். பற்றவைப்புக்காக வாங்க வேண்டாம்.

எலெக்ட்ரோனிக்குக்கு மாறுவது

இதைத்தான் இளையவர்கள் அதிகம் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. பொயின்ற் தேயும், கறுக்கும், இடைவெளி மாறும். மின்னணுவில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. ஜோன்சன், எவின்றூட் கொம்பனியே 1977 அளவில் தன் நடுத்தர மோட்டார்களைப் பொயின்றிலிருந்து சீடீஐ (CDI) எனும் எலெக்ட்ரோனிக் பற்றவைப்புக்கு மாற்றிவிட்டது. அதில் ஒரு கொயில் மின்னைப் பிறப்பித்துப் பவர்பாக் எனும் பெட்டியில் சேமிக்கிறது; சென்சர் சொல்லும் நொடியில் பெட்டி அதை ஒரேயடியாகப் பிளக் கொயிலுக்குள் கொட்டுகிறது. பொறி பலமானது; திறந்த காற்றில் ஏறக்குறைய 10 மில்லிமீற்றரைத் தாண்டும். ஈரப்பிளக்கையும் எண்ணெய் பிடித்த பிளக்கையும் அது எரித்துவிடும்.

மாறுவதற்கு இரண்டு பாதைகள். புல்வெட்டி எஞ்சின்களுக்கு விற்கும் சின்ன மொடியூலைப் பொயின்றுக்குப் பதிலாக வைப்பது ஒன்று. இதை நான் விரும்பவில்லை. மொடியூல் காமைப் பார்த்து இயங்குவதில்லை. கொயிலில் எழும் மின்னலையைப் பார்த்துத் தானாக அறுக்கிறது. ஆகவே பொறி பாயும் நேரம் தொழிற்சாலை வைத்த நேரமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பொறி வருகிறது, மோட்டாரும் பிடிக்கிறது, ஆனால் முழு வேகத்தில் பொறி முந்திப் பாய்ந்தால் பிஸ்ரன் உருகலாம். புல்வெட்டி நின்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மற்றப் பாதை, 1977-க்குப் பிந்திய மோட்டாரின் முழுத் தொகுதியையும் கொண்டுவருவது: பிளைவீல், தட்டு, பவர்பாக், பிளக் கொயில், வயர் எல்லாம் சேர்த்து. பிளைவீலின் காந்த அமைப்பு வேறு என்பதால் பழைய பிளைவீலை வைத்துக்கொண்டு மற்றதை மாற்ற முடியாது. உங்கள் தண்டின் கூம்பும் சாவிப்பள்ளமும் பொருந்துகிறதா, தட்டு உட்காரும் இடமும் திறொட்டில் தொடுப்பும் ஒத்துவருகிறதா என்று இரண்டு மோட்டாரையும் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே இறங்க வேண்டும். அளக்காமல் வாங்கிக் குவித்த சாமான் எத்தனையோ கராஜ்களில் பெட்டிக்குள் கிடக்கிறது. கைதேர்ந்த ஒருவர் செய்தால் அருமையான மோட்டார் கிடைக்கும். பவர்பாக் செத்தால் மட்டும் அதை யாரும் திறந்து திருத்த முடியாது. புதிது வாங்குவதுதான் வழி, அதன் விலையும் பொயின்றைப்போலப் பல மடங்கு.

இங்கேதான் பாவிக்கும் இடம் முடிவைத் தீர்மானிக்கிறது. சித்தப்பாவோடு நான் பலமுறை வாதாடியது இதைப் பற்றித்தான். அவருக்குப் பொயின்ற் மேல் ஒரு துளி பாசமும் இல்லை. "உப்புக் காத்தில ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போறவனுக்குப் பொயின்ற் ஒரு தலையிடி. காலமை நாலு மணிக்கு இருட்டுக்குள்ள கறண்ட் தேடிக்கொண்டு நிக்கேலுமோ?" என்பார். அவர் சொல்வது முழுக்கச் சரி. உப்பு ஈரம் பொயின்ற் முனையை நாள்தோறும் அரிக்கும். தொழிலுக்குப் போகிறவருக்குக் காலை ஒன்று தவறினால் அன்றைய வருமானம் போச்சு. இலங்கையின் வடக்குக் கரையில் இன்று ஓடும் மோட்டார்களும் பெரும்பாலும் சீடீஐதான். அவர் நிலைமையில் நானும் எலெக்ட்ரோனிக்தான் வாங்குவேன், அதுவும் தொழிற்சாலையே அப்படிச் செய்த மோட்டாராக.

என்னுடைய பாவனை வேறு. நன்னீர் ஏரி. கோடையில் பத்துப் பதினைந்து நாள். கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும். மற்ற மாதமெல்லாம் மோட்டார் உலர்ந்த கராஜில் நிற்கும். இப்படிப்பட்ட மோட்டாருக்குப் பொயின்ற் ஒருமுறை சரியாக வைத்தால் பல வருஷம் தாங்கும். இடையில் பழுதானாலும் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. காம் பொயின்றைத் திறப்பதைச் சின்னப் பல்ப் ஒன்றை வைத்துக் காட்டினேன். பல்ப் அணைந்த இடத்தில் "இப்பத்தான் பொறி" என்று அவளே சொன்னாள்.

கடையில் கொடுப்பதும் புதிது வாங்குவதும்

படகுக் கடைகள் பலவற்றில் இவ்வளவு பழைய மோட்டாரை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் மணித்தியாலக் கூலி மோட்டாரின் பெறுமதியைத் தாண்டிவிடும். ஓய்வுபெற்ற மெக்கானிக் யாராவது ஊருக்குள் இருந்தால் அவர்தான் நல்ல வழி. பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள்.

புதிய நான்கு வீச்சு (four-stroke) எஞ்சின் அமைதியானது, புகையில்லாதது, எரிபொருள் குறைவாகக் குடிப்பது. விலை பல ஆயிரம் டாலர். சிறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெரிய ஏரியில், சிம்கோ ஏரி போன்ற காற்றடிக்கும் தண்ணீரில் தூரம் போகிறவர் என்றால், கையில் காசும் இருந்தால், புதிதை வாங்குங்கள். பழைய மோட்டார் மேல் உள்ள விருப்பத்துக்காகப் பிள்ளைகளைக் காற்றில் விட வேண்டாம். அமுக்கம் குறைந்த மோட்டார் வைத்திருப்பவருக்கும் இதே பதில்தான்.

மற்றவர்களுக்கு நான் சொல்கிற ஒழுங்கு இது. நிறுத்தும் வயரைக் கழற்றிப் பாருங்கள். அமுக்கத்தை அளவுங்கள். 6 மில்லிமீற்றர் இடைவெளியில் பொறியைச் சோதியுங்கள். பிறகு பிளைவீலைக் கழற்றுங்கள். கொயில் புதிதென்றால் பொயின்றைத் துப்புரவாக்கி இடைவெளி வைத்து மூடுங்கள். கொயில் பழையதென்றால், வெடிப்பு இன்னும் தெரியாவிட்டாலும், முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஓட்டிப் பார்ப்பது தண்ணீர் நிறைந்த பீப்பாய்க்குள் மட்டும். வெறுமனே ஓட்டினால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம் சில நொடிகளில் கருகிவிடும்.

எங்கள் மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. படகின் முன்பக்கத்தில் இப்போது ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. அதற்குள் இரண்டு பிளக், பிளக் சாவி, அளக்கும் தகடு, ஒரு சோடிப் பொயின்ற், கழற்றி எடுத்த பழைய கொண்டென்சர் ஒன்று, கொஞ்சம் வெள்ளைக் கடதாசி. ரின்னுக்குப் பக்கத்தில் இரண்டு துடுப்பு.